ரைட் கவர்ல யாரு நிக்கிறா?

கபடி சீசன் நெருங்கினால் எங்க ஊர் டீக்கடையில் எல்லாரும் ஆடிட்டர் ஆகிவிடுவார்கள். நான் பி.காம் கடைசி வருஷம். எனக்கு இன்னும் பட்டமே வரவில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டே தமிழ் தலைவாஸ் அணியின் சொத்து, கடன், வாராக்கடன் எல்லாவற்றையும் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கிற பெரியவர்கள் அங்கே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். "ரெய்டு ஓகே. பிடி எப்பிடி?" இதுதான் வருஷா வருஷம் முதல் கேள்வி.

ஊர் எது என்று கேட்காதீர்கள். மதுரையிலிருந்து சோழவந்தான் போகிற பக்கம், வயலும் வாய்க்காலுமாக இருக்கிற ஒரு சின்ன ஊர். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஊரில் ரெண்டு கோயில், ஒரு ரேஷன் கடை, ஒரு கபடி டீம். மூன்றுக்கும் சண்டை உண்டு.

நான் கபடி ஆடியதில்லை. கண்ணாடி போட்டவன், ஒல்லிக்குச்சி. ஆனால் டீமின் கணக்குப்பிள்ளை நான்தான். போட்டி நுழைவுக் கட்டணம், வேன் வாடகை, பனியனுக்கு ஸ்பான்சர் பிடிப்பது எல்லாம் என் வேலை. அதோடு நானாக இழுத்துப்போட்டுக்கொண்ட வேலை ஒன்று, ஸ்கோர் நோட்டு. யார் எத்தனை ரெய்டு போனார், எத்தனை புள்ளி எடுத்தார், யார் எத்தனை பேரைப் பிடித்தார் என்று கட்டம் போட்டு எழுதிவைப்பேன். அந்த நோட்டு செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்குமுன் கபடியில் தடுப்பு வரிசை என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் ரெண்டு பத்தி தாண்டிக் குதித்துவிடுங்கள் :-)

களத்தில் ஏழு பேர். ரெண்டு ஓரத்திலும் கார்னர். கார்னருக்கு அடுத்து நிற்பவர்கள் 'இன்'. அவர்களுக்கு உள்ளே ரெண்டு கவர். நட்டநடுவில் சென்டர். எதிரணிக்காரர் பாடி வரும்போது பாய்ந்து கணுக்காலையோ தொடையையோ பிடிப்பது பெரும்பாலும் கார்னர். பிடிபட்டவர் நடுக்கோட்டைப் பார்த்துத் திமிறும்போது குறுக்கே விழுந்து அடைப்பதும், ஓரத்துக்கு வந்தவரை இடித்து வெளியே தள்ளுவதும் கவருடைய வேலை. கால்பந்தில் பின்வரிசை நாலு பேர் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் ஏறி இறங்குவார்களே, அதே சமாச்சாரம்தான். ஒருத்தர் ஓர் அடி முந்தினாலும் மொத்த வரிசையும் காலி. கபடியில் இது இன்னும் மோசம். தப்பாகப் பாய்ந்தவர் மட்டுமல்ல, ரெய்டர் திமிறிப் போகும்போது தொட்டவர், ஒட்டிக்கொண்டவர் எல்லாரும் சேர்ந்து வெளியே போகவேண்டும்.

இன்னொன்று. ரெய்டுக்கு நேரம் 30 விநாடி. தொடர்ந்து ரெண்டு ரெய்டில் ஓர் அணி புள்ளி எடுக்காமல் திரும்பினால், மூன்றாவது ரெய்டில் எடுத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் ரெய்டர் அவுட். ஆக, நல்ல தடுப்பு வரிசை எல்லா ரெய்டிலும் பாயாது. ரெண்டு ரெய்டு சும்மா நின்று வழியை அடைக்கும். வந்தவனை வெறுங்கையோடு அனுப்பும். மூன்றாவதில் அவனே மாட்டிக்கொள்வான். அந்த முதல் ரெண்டு ரெய்டில் 'சும்மா நின்றதற்கு' யார் பெயரிலும் ஒரு புள்ளியும் ஏறாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தலைவாஸ்.

புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியது. நம்ம அணி வந்தது 2017-இல், ஐந்தாவது சீசனில். அந்த சீசனில் நம் பிரிவில் கடைசி. அடுத்த சீசனிலும் பிரிவில் கடைசி. 2019-இல் ஏழாவது சீசனுக்கு முன்னால் டீக்கடை ஆடிட்டர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். காரணம் தடுப்பு வரிசை. லீக்கிலேயே முதலில் 300 டேக்கிள் புள்ளிகளைத் தொட்ட மஞ்சீத் சில்லர், 2015-இல் யூ மும்பா கோப்பை வென்றபோது கார்னரில் நின்ற மோஹித் சில்லர், அனுபவசாலி ரன் சிங். பேப்பரில் இதைவிடப் பெரிய பிடி கிடையாது. சீசன் முடிந்தபோது பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்!

அப்போது நான் எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தேன். "எப்பிடி சித்தப்பா, இத்தனை பெரிய ஆளுங்களை வச்சுக்கிட்டுத் தோத்தாய்ங்க?" என்று கேட்டேன். சித்தப்பா ஒரு காலத்தில் எங்க ஊர் லெஃப்ட் கார்னர். இப்போது அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். அவர் சொன்னது: "மோஹித்து மும்பையில நிக்கிறப்ப அந்தப் பக்கத்துக் கார்னர்ல சுரேந்தர் நாடான்னு ஒருத்தன் நின்னான். ரெண்டு பேரும் ஜோடி. இங்கிட்டு ஜோடி எங்கடா?" எனக்கு அப்போது புரியவில்லை. கிழவர்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன். (சித்தப்பாவுக்கு அப்போது வயது நாற்பத்தி ரெண்டு. மன்னிச்சுக்கோ சித்தப்பா.)

எட்டாவது சீசன், 2021 டிசம்பரில் தொடங்கியது. ரைட் கார்னரில் சாகர் என்ற ஹரியானா இளைஞர் 82 டேக்கிள் புள்ளி எடுத்தார். லீக்கிலேயே ரெண்டாவது இடம். அணிக்கோ பதினோராவது இடம். ஒருத்தர் பிடித்துக்கொண்டே இருந்தார், அணி தோற்றுக்கொண்டே இருந்தது.

ஒன்பதாவது சீசன், 2022. இதை எங்க ஊரில் யாரும் மறக்கமாட்டார்கள். ரெண்டு கோடியே இருபத்தாறு லட்சம் கொடுத்து பவன் செஹ்ராவத்தை எடுத்தார்கள். பெரிய ரெய்டர். குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு சீசன் முழுக்க வெளியே போய்விட்டார். வேடிக்கை என்ன தெரியுமா? அடிபட்டது ரெய்டு போகும்போது இல்லை. தடுப்பில் நின்று ஒருத்தரைப் பிடிக்கப் போகும்போது! டீக்கடையில் அன்றைக்கு ராத்திரி சாவு வீடு மாதிரி இருந்தது.

ஆனால் அதற்கப்புறம்தான் கதையே. நரேந்தர் என்ற புதுப் பையன் ரெய்டில் 243 புள்ளி எடுத்தான். பின்னால் நாலு பேர்: லெஃப்ட் கார்னரில் சாஹில் குலியா, ரைட் கார்னரில் சாகர், லெஃப்ட் கவரில் மோஹித், ரைட் கவரில் நம்ம தமிழ்நாட்டுப் பையன் எம். அபிஷேக். பாதி சீசனில் பயிற்சியாளரும் மாறி அஷன் குமார் வந்தார். முதல்முறையாக பிளே ஆஃப். உ.பி. யோதாஸுடன் 36-36 என்று சமமாகி, டை பிரேக்கரில் 6-4 என்று ஜெயித்தோம். அரையிறுதியில் புனேயிடம் 37-39 என்று ரெண்டே ரெண்டு புள்ளியில் தோற்றோம். அன்றைக்குத் தோற்றுவிட்டு வந்தும் எங்க ஊரில் வெடி போட்டார்கள். பன்னிரண்டாவது சீசன் (2025) வரை பார்த்தாலும் தலைவாஸ் பிளே ஆஃப் போனது அந்த ஒரே ஒரு தடவைதான்.

2023. நான் பி.காம் முதல் வருஷம் சேர்ந்த வருஷம். டிசம்பரில் பத்தாவது சீசன். அதற்கு முன்னால் டீக்கடைச் சபையில் நான் முதல்முறையாக எழுந்து நின்று என் மதிப்பீட்டைச் சமர்ப்பித்தேன். கையில் நோட்டு. போன சீசனில் யார் எத்தனை டேக்கிள், எத்தனை பாய்ச்சலுக்கு எத்தனை வெற்றி, எல்லாம் இணையத்தில் பார்த்து எழுதியிருந்தேன். தலைவாஸ் தடுப்பு வரிசைக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண். "அதே கார்னர் ரெண்டு பேரும் இருக்காய்ங்க, கவரும் அதேதான். போன வருஷம் அரையிறுதி, இந்த வருஷம் கோப்பை. எழுதி வச்சுக்கங்க" என்றேன். கைதட்டல் வேறு. டீ இலவசம். தலை கால் புரியவில்லை.

அந்தப் போதையில்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி. முதல் பரிசு ரொக்கமும் கோப்பையும். எங்க டீமுக்கு அது முக்கியம். ஏனென்றால் ஒரு கல்லூரியின் பி.டி. மாஸ்டர் ஆள் பார்க்க வருவதாகப் பேச்சு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம், ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் சாப்பாடு இலவசம். எங்க டீமில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் வசதி இல்லாமல் நின்றுபோன பையன்கள் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் என் கூட்டாளி. ஒண்ணாப்பிலிருந்து ஒரே பெஞ்ச். எங்க டீமின் ரைட் கவர்.

ஏழு பேரைத் தேர்ந்தெடுக்க கேப்டன் அண்ணன் வீட்டுத் திண்ணையில் கூட்டம். ரைட் கவருக்கு ரெண்டு பேர் போட்டி. என் கூட்டாளி ஒன்று. புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி இன்னொன்று, நல்ல உடம்பு, நல்ல வேகம். அண்ணன் என்னைப் பார்த்து, "டேய் கணக்கு, உன் நோட்டு என்னடா சொல்லுது?" என்றார்.

நோட்டு சொன்னது இது. கடைசி ஆறு ஆட்டத்தில் என் கூட்டாளி பிடித்தது நாலு. புதுத் தம்பி பிடித்தது பதினொன்று.

படித்தேன். சத்தமாகவே படித்தேன். கூட்டாளி எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். நட்புக்காகக் கணக்கை மாற்றக்கூடாது, நான் காமர்ஸ் மாணவன், எண் பொய் சொல்லாது... இப்படியெல்லாம் மனசுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன். அண்ணன் அவனைப் பார்த்தார். அவன், "சரிண்ணே" என்றான். அப்புறம் என்னிடம் திரும்பி, "சரி மாப்ள" என்றான். காலில் மாட்டியிருந்த நீ கேப்பைக் கழற்றி, சுருட்டி, புதுத் தம்பியிடம் கொடுத்தான். அவ்வளவுதான்.

இதற்கிடையில் தலைவாஸ் சென்னையில் சொந்த மண்ணில் ஆடிய டிசம்பர் ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் என்னைப் பார்த்து, "என்ன ஆடிட்டரே, கோப்பை எப்ப வருது?" என்று ஆரம்பித்தார்கள். நான் காலேஜ் விட்டு அந்தத் தெரு வழியாக வருவதையே நிறுத்தினேன்.

பொங்கல் போட்டி. ராத்திரி பதினோரு மணி, டியூப்லைட் கம்பம், மைக்செட், பனி. முதல் ரெண்டு ஆட்டம் ஜெயித்தோம். கால் இறுதியில் மேலூர்ப் பக்கத்து அணி. அவர்களுடைய ரெய்டர் முதல் ரெய்டு வந்தான், ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனான். ரெண்டாவது ரெய்டிலிருந்து ஒரே பக்கம்தான். எங்கள் வலது பக்கம். புதுத் தம்பி ஒவ்வொரு தடவையும் பாய்ந்தான். மூன்று தடவை அருமையாகப் பிடித்தான், கூட்டம் விசிலடித்தது. ஏழெட்டுத் தடவை முன்னாலேயே பாய்ந்தான். ரெய்டர் சின்னதாக ஒரு திரும்பு திரும்பி, இவனையும் இவனுக்கு உதவ வந்த ரைட் கார்னரையும் சேர்த்துத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். ரெண்டு ஆல் அவுட். தோற்றோம். என் நோட்டில் அன்றைக்கும் புதுத் தம்பி பெயரில்தான் அதிகப் பிடி, மூன்று!

என் கூட்டாளி அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் கேனைப் பார்த்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். பி.டி. மாஸ்டர் நிஜமாகவே வந்திருந்தார். எங்க டீமில் லெஃப்ட் கார்னரையும் ஒரு ரெய்டரையும் குறித்துக்கொண்டு போனார். ரெண்டு பேரும் அந்த ஜூனில் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள். களத்திலேயே இல்லாதவனை அவர் எப்படிக் குறிப்பார்?

கூட்டாளி பிப்ரவரியில் திருப்பூர் போய்விட்டான். பனியன் கம்பெனி. அவன் அப்பாவுக்குக் கடன் இருந்தது, எப்படியும் போயிருப்பான் என்று ஊரில் சொன்னார்கள். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இப்போதும் ராத்திரி சில நேரம் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

சித்தப்பாவிடம்தான் முதலில் புலம்பினேன். அவர் திட்டவில்லை. தன் வலது கைச் சுண்டுவிரலைக் காட்டினார். அது கொக்கி மாதிரி வளைந்திருக்கும், நிமிராது. "இது எப்பிடி ஆச்சு தெரியுமா?" ரெய்டரைப் பிடிக்கும்போது உடைந்தது என்றுதான் ஊரெல்லாம் சொல்வார்கள், நானும் அப்படியே சொன்னேன். "இல்லடா. பக்கத்துல 'இன்'ல நிக்கிற ஆளோட கை கோத்து நிக்கிறப்ப ஒடைஞ்சது. நான் கார்னரு. ரெய்டர் உள்ள வர்றப்ப என் கண்ணு அவென் காலுலதான் இருக்கும். எப்பப் பாயணும்னு எனக்குத் தெரியாது. கை கோத்து நிக்கிறாரே, அவரு ஒரு சுண்டு சுண்டுவாரு. அப்பத்தான் பாய்வேன். காலைப் பிடிச்சது நானு, பேரும் எனக்குத்தான். அந்தச் சுண்டுன கைக்கு எவன் புள்ளி போட்டான்?"

எந்த ஆட்டத்திலும் ஸ்கோர் ஷீட் அப்படித்தான். ஒரு பிடியில் நாலு பேர் விழுந்து அமுக்குவார்கள். டேக்கிள் புள்ளி ஒரே ஒரு பெயருக்குத்தான் போகும். மீதி மூன்று பேரும் அந்தக் கணக்கில் கிடையாது.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, போனில் இருந்த பழைய ஆட்டங்களின் வீடியோவை எடுத்தேன். கூட்டாளி ஆடிய அந்த ஆறு ஆட்டத்தில் நாலு ஆட்டம் இருந்தது. இந்த முறை பிடியை எண்ணவில்லை. எதிரணி ரெய்டர் எந்தப் பக்கம் போனார் என்று மட்டும் எண்ணினேன்.

நாலு ரெய்டுக்கு ஒன்றுதான் வலது பக்கம் வந்திருந்தது. மூன்று இடது பக்கம்.

அவன் நின்ற பக்கம் ரெய்டர்கள் வரவே இல்லை. வந்தாலும் அவன் பாயாமல் அரை அடி நகர்ந்து வழியை மூடுகிறான், வந்தவன் திரும்பி இடது பக்கம் போகிறான், அங்கே எங்க லெஃப்ட் கார்னர் காலைப் பிடிக்கிறான், கூட்டம் விசிலடிக்கிறது, நான் நோட்டில் லெஃப்ட் கார்னர் பெயருக்கு ஒரு கோடு போடுகிறேன். பி.டி. மாஸ்டர் குறித்துக்கொண்டு போனாரே, அதே லெஃப்ட் கார்னர்.

கணக்கியலில் முதல் செமஸ்டரிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ஒற்றைப் பதிவு முறையில் எழுதினால் கணக்கு முழுசாக வராது, ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பற்று இருக்கும், ரெண்டையும் எழுது என்று. தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். நோட்டில் மட்டும் ஒற்றைப் பதிவு! வீட்டுப் பூட்டுக்கு வருமானம் என்று எந்த ஏட்டிலும் எழுத முடியாது. திருடன் வராத வீட்டில் பூட்டு எதற்கு, விற்றுவிடலாம் என்று சொன்ன கணக்குப்பிள்ளை ஆகிவிட்டேன்.

தலைவாஸும் அந்த சீசனை ஒன்பதாவது இடத்தில் முடித்தார்கள். கார்னர் ரெண்டு பேரும் அதேதான். அப்படியானால் எது மாறியது? நான் யோசித்துப் பார்த்த வரையில் பதில் பின்வரிசையில் மட்டும் இல்லை. கபடியில் ஒரு புள்ளி எடுத்தால் வெளியே இருக்கிற நம் ஆள் ஒருத்தர் உள்ளே வருவார். ரெய்டர் புள்ளி எடுக்காவிட்டால் வெளியே போன பிடிகாரர் பெஞ்சிலேயே இருப்பார். நாலு பேரோடு நின்று பிடிக்கிற கார்னருக்கு முதுகுக்குப் பின்னால் கவர் இல்லை. அவசரம் வரும், முன்னாலேயே பாய்வார், அவரும் வெளியே. ஒன்பதாவது சீசனில் நரேந்தர் எடுத்த 243 புள்ளியில் தடுப்பு வரிசைக்கும் பங்கு இருந்தது. நான் அதை ரெய்டு கணக்கில் மட்டும் எழுதி, பிடிக்குத் தனியாக ஒன்பது மதிப்பெண் போட்டேன்.

அந்த சீசன் கோப்பை யாருக்கு? புனேரி பல்டன். 2024 மார்ச் 1, ஹைதராபாத், ஹரியானாவை 28-25 என்று ஜெயித்தார்கள். ஸ்கோரைப் பாருங்கள், நாற்பது நிமிஷ இறுதியாட்டத்தில் ஜெயித்த அணிக்கே 28 புள்ளிதான். அது முழுக்க முழுக்கப் பிடிகாரர்களின் ஆட்டம். அந்த அணியில் எல்லாரும் பேசியது ஈரான் வீரர் ஷாத்லூயியைப் பற்றி. 99 டேக்கிள் புள்ளி, பேசவேண்டியதுதான். நான் அன்றைக்கு டிவியில் பார்த்ததெல்லாம் ரைட் கவரை மட்டும். அபினேஷ் நடராஜன், தமிழ்நாட்டுப் பையன். நம்ம பையன் நம்ம அணியில் இல்லாமல் புனேயில் நின்று கோப்பை தூக்கினான். டீக்கடையில் எல்லாரும், "நம்மாளு நம்மாளு" என்று கத்தினார்கள். நான் மட்டும் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கப்புறமும் கதை அதேதான். 2024-இல் பதினோராவது சீசன். தலைவாஸ் ரைட் கார்னர் நித்தேஷ் குமார் 77 புள்ளி எடுத்து லீக்கின் சிறந்த டிஃபெண்டர். அணி மறுபடியும் ஒன்பதாவது. 2025-லும் முதல் எட்டில் வரவில்லை. லீக்கின் சிறந்த பிடிகாரர் உன் அணியில் இருப்பது ஒன்று, லீக்கின் சிறந்த பிடி உன் அணியில் இருப்பது வேறொன்று.

ஆகவே இப்போதெல்லாம் சீசனுக்கு முன்னால் ஏலப் பட்டியலைப் பார்த்துவிட்டு யாராவது, "பிடி எப்பிடி?" என்று கேட்டால் நான் மதிப்பெண் போடுவதில்லை. நாலு கேள்வி கேட்கிறேன். நீங்களும் உங்கள் அணிக்குக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, கார்னரும் பக்கத்தில் கை கோத்து நிற்பவரும் இதற்குமுன் ஒரு முழு சீசன் சேர்ந்து நின்றிருக்கிறார்களா? ரெண்டு பெரிய பெயரை வாங்கிவிடலாம். அந்தச் சுண்டலை ஏலத்தில் வாங்க முடியாது.

ரெண்டு, வெளியே போன பிடிகாரரைத் திரும்ப உள்ளே கொண்டுவருகிற ரெய்டர் எத்தனை பேர்? ஒருத்தர்தான் என்றால், அவருக்கு முழங்காலில் அடிபட்டால் என்ன கதி?

மூன்று, கார்னருக்கு அடிபட்டால் பெஞ்சில் இருந்து எழுந்து வருபவர் யார்? அவருக்கும் கவருக்கும் பேச்சுவார்த்தை உண்டா?

நாலு, இந்த ஏழு பேரில் பாயாமல் நிற்கத் தெரிந்தவர் யார்? எதிரணி எந்தப் பக்கம் போகாமல் இருக்கிறது?

நாலாவது கேள்விக்கு எந்தப் புள்ளிவிவரப் பக்கத்திலும் பதில் கிடையாது. ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கவேண்டும். அதுவும் பந்தயம் கட்டியவன் மாதிரி ரெய்டரையே பார்க்காமல், அவன் போகாத பக்கத்தைப் பார்க்கவேண்டும். எங்க டீமுக்கு இப்போது நான் வைத்திருக்கும் நோட்டில் ஒரு புதுக் கட்டம் உண்டு. 'எந்தப் பக்கம் போகவில்லை' என்று. பசங்க சிரிக்கிறார்கள். அண்ணன் சிரிப்பதில்லை.

போன வாரம் கூட்டாளிக்குப் போன் பண்ணினேன். ரெண்டு வருஷத்தில் நாலைந்து தடவைதான் பேசியிருப்போம். தீபாவளிக்கு வந்தால் பார்த்துக்கொள்வோம், சிரித்துக்கொள்வோம். அந்தத் திண்ணையைப் பற்றி ரெண்டு பேரும் பேசியதே இல்லை. அன்றைக்கு எப்படியோ தைரியம் வந்து, வீடியோ பார்த்ததைச் சொன்னேன். நாலுக்கு மூன்று என்று எண்ணிக்கையோடு சொன்னேன். நான் எண்ணியது தப்பு மாப்ள என்றேன். அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம், "அட, விடுறா. அதெல்லாம் எப்பவோ நடந்தது" என்றான். கொஞ்சம் பொறுத்து அவனே, "அப்பவே எனக்குத் தெரியும்டா" என்றான்.

"பெறகு ஏண்டா சொல்லல?"

"நானே என்னைப் பத்தி எப்பிடிறா சொல்றது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பேச்சை மாற்றவேண்டுமே என்று, இப்போது ஆடுகிறாயா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கம்பெனிப் பையன்கள் சேர்ந்து ஆடுகிறார்களாம். இவன் இப்போது லெஃப்ட் கவராம்.

"அப்ப ரைட் கவர்ல யாரு நிக்கிறா?"

"ஒரு ஒடிசாக்காரப் பய மாப்ள. நம்மளவிட நல்லாப் பிடிக்கிறான்."

பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. "எத்தனை பேரைப் பிடிச்சிருக்கான்?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் சிரித்தான். "அவென் பக்கம் எவன்டா போறான்?" என்றான்.